ஆய்வுகூடத்துச் சாவி

மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று சுஹறா ஒருவரிடமும் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குக் கல்முனைக்குடியில் பாதிப் பேர் பதில் வைத்திருந்தார்கள். புத்தளத்திலிருந்து சாமான் ஏற்றி வந்த லொறி இன்னும் முற்றத்தில் நிற்கிறது, கழற்றிய கட்டில் கால் ஒன்று அபுல் ஹஸனின் கையில் இருக்கிறது, அதற்குள் பக்கத்து வீட்டு ஆயிஷா உம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பொம்புளப் புள்ளைக்கு மதில் உள்ள பள்ளிக்கூடம்தான் நல்லம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளையின் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

புத்தளத்துக் கந்தோர் ஒன்றில் கிளாக்கராக இருந்து தலைமயிர் கொட்டிய பிறகு, அபுல் ஹஸனுக்கு எப்படியோ ஊர்ப் பக்கம் மாற்றம் கிடைத்திருந்தது. ஊர் என்றால் அவனுடைய ஊர் அல்ல, பெண்சாதியின் ஊர். அவன் சம்மாந்துறைக்காரன். இந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான், வீடு பெண்ணுக்குச் சொந்தம். வாப்பா மௌத்தாகி அடக்கமான பிறகு சுஹறாவுக்கு அந்த வீட்டைக் கட்டிக் கொடுத்துக் கரை சேர்த்தவர் அவளுடைய காக்கா, மூத்த அண்ணன் கச்சிமுகம்மது. நல்ல காரியம்தான். அதை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை, மற்றவர்களை மறக்க விட்டதும் இல்லை.

நதீராவுக்குப் பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் விசேட சித்தி எடுத்திருந்தாள். உயர்தரத்தில் உயிரியலும் பௌதிகமும் படிக்க வேண்டும், டொக்டராக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. சுஹறாவின் ஆசை அதைவிடப் பெரியது. அவளை எட்டாம் வகுப்போடு மறித்து, குசினிக்குள் அனுப்பி, அதை மார்க்கம் என்றும் மானம் என்றும் சொன்னவர்கள் இதே ஊரில்தான் இன்னும் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள். பிழையான இடத்தில் பிள்ளைக்கு இரண்டு வருடம் போய்விட்டால் அதை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. இது அவளுக்குத் தெரியும். மற்ற ஒருவருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை.

போட்டிக்கு நின்ற பள்ளிக்கூடங்கள் இரண்டு. ஒன்று பெண்களுக்கானது. எழுபத்தெட்டுப் புயலுக்குப் பிறகு புதிதாகக் கட்டிக் கொடுத்த கட்டடங்கள், மஞ்சள் பூச்சு, உயர்ந்த மதில். அதன் அபிவிருத்திச் சபைச் செயலாளர் கச்சிமுகம்மது. மற்றது பஸ் நிலையத்துக்கு அங்கால், ஆணும் பெண்ணும் படிக்கிற கலவன் பாடசாலை. புயல் தூக்கிக்கொண்டு போன கூரை அங்கே இரண்டு வருடமாகியும் திரும்பி வரவில்லை. கிடுகு வேய்ந்த கொட்டிலில் வகுப்பு நடந்தது.

மறுநாள் காலையிலேயே கச்சிமுகம்மது ஒரு சீப்புக் கதலிப் பழத்தோடு வந்து கதிரையில் இருந்தார். இருந்த உடனே தொடங்கிவிட்டார்.

"நம்மட பள்ளிக்கூடம் இப்ப முந்தின மாதிரி இல்ல. சயன்ஸ் தொடங்கியிரிக்கி. லெபோட்டரி கட்டியிரிக்கி. மட்டக்களப்பிலயும் அப்படியொண்டு இல்லயாம்."

மட்டக்களப்பில் இல்லை என்று யார் சொன்னார்கள் என்று அவர் சொல்லவில்லை. நதீரா கதவோரம் நின்று மரியாதையாகக் கேட்டாள்.

"மாமா, பௌதிகம் ஆரு படிப்பிக்கிற?"

"மதில் ஒம்பது அடி மகள்," என்றார் கச்சிமுகம்மது. "ரோட்டால போறவன் எக்கிப் பாத்தாலும் ஒண்டும் தெரியாது."

அபுல் ஹஸன் தலையாட்டினான். அவனுக்குத் தலையாட்டுவது கந்தோரில் பழகிய வேலை. பௌதிகத்துக்கும் மதிலுக்கும் என்ன சம்பந்தம் என்று சுஹறா யோசித்தாள். காக்காவின் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்ட திருப்தியோடு ஒரு பழத்தை உரித்தார்.

பெண்கள் பள்ளிக்கூடத்தைப் போய்ப் பார்த்தார்கள். அதிபர் நல்ல மனுசன், தேத்தண்ணி கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார், மதிலைப் பற்றி அவரும் கொஞ்சம் கதைத்தார். ஆய்வுகூடம் வளவின் மூலையில் நின்றது. திறப்பு விழாக் கல்லில் பெரிய ஆட்களின் பெயர்களுக்குக் கீழே செயலாளர் கச்சிமுகம்மதுவின் பெயரும் பொன் எழுத்தில் இருந்தது. அபுல் ஹஸன் அந்தக் கல்லைத் தடவித் தடவிப் பார்த்தான். கதவில் சுண்டு விரல் தடிப்புள்ள ஆமைப்பூட்டு. ஜன்னல் கண்ணாடிகளுக்கு உள்ளால் பச்சைப் பெயின்ற் அடித்திருந்தது.

"வெயில் பட்டா மருந்துகள் கெட்டுப் போயிரும்," என்றார் அதிபர். "சாவி செயலாளர்ட்ட."

காக்காவிடம் கேட்டால், "சாவி அதிபர்ட்ட" என்றார். இன்னொரு நாள் சுஹறா தனியே போனபோது அதிபர் கூட்டத்தில் இருந்தார். அதற்கடுத்த தடவை சாவி எங்கேயோ கைமாறிப் போயிருந்தது. ஒரு சாவி இந்தச் சிறிய ஊருக்குள் இவ்வளவு தூரம் பயணம் போகும் என்று சுஹறா நினைத்திருக்கவில்லை.

"எவ்வளவு பத்திரமா வெச்சிரிக்காங்க பாத்தியா," என்றான் அபுல் ஹஸன்.

சுஹறா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த மனுசனுக்கு அரசாங்கம் மாதா மாதம் சம்பளம் கொடுக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

கலவன் பாடசாலைக்கு அவளும் மகளும் மட்டும் போனார்கள். அங்கே தேத்தண்ணியும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை. வாருங்கள் என்று சொல்லவும் ஆள் இல்லை. கொட்டிலில் நற்பிட்டிமுனையிலிருந்து சைக்கிளில் வருகிற கந்தப்போடி மாஸ்டர் பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்தார். கூரை வளையில் நூல் கட்டி, நூலில் ஒரு பழைய பூட்டைத் தொங்கவிட்டு ஆட்டினார். பொடியன்களும் பெட்டைகளும் வெவ்வேறு பக்கம் இருந்து அது ஆடுவதை எண்ணினார்கள். மாஸ்டர் கையில் மணிக்கூட்டைப் பிடித்தபடி, திரும்பியும் பார்க்காமல் கேட்டார்.

"சேர வந்த புள்ளையா? சேரலாம். ஆனா வாங்கு கொண்டு வரணும். இஞ்ச இருக்கிறதுக்கு இடமில்ல."

வாங்கு என்றால் நீளமான மரப் பெஞ்சு. சுஹறாவுக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைத் தருவதோடு வாங்கையும் தர வேண்டுமா. அதைச் சொல்லத்தான் மகளைத் திரும்பிப் பார்த்தாள். நதீரா அவளைக் கவனிக்கவில்லை. கண் பூட்டிலேயே இருந்தது, வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அபுல் ஹஸன் ஒரேயடியாக மறுத்துவிட்டான். "லெபோட்டரி உள்ள இடத்த உட்டுட்டு ஓலைக் கொட்டிலுக்கா? அதுவும் பொடியன்மாரோட? மச்சான் என்ன சொல்லுவாரு? ஊர் என்ன சொல்லும்?"

"ஊரா சோதனை எழுதப் போற?" என்றாள் சுஹறா.

ஆனால் அவன் பக்கம் ஒரு நியாயம் இருந்ததை அவளாலும் தள்ள முடியவில்லை. உண்மையிலேயே அந்தப் பூட்டிய கதவுக்குப் பின்னால் கண்ணாடிக் குழாயும் மருந்தும் எல்லாம் இருந்தால்? வாத்தியார் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வரலாம். காக்கா மீதுள்ள எரிச்சலில் பிள்ளையின் காலை வாரிவிடுகிறேனோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கச்சிமுகம்மது வீட்டில் விருந்து. தங்கச்சி குடும்பம் ஊரோடு வந்து சேர்ந்ததற்காக என்று சொன்னார். வீடு அவருடைய பெண்சாதி சல்மா உம்மாவுடையது, காக்காவும் அங்கே மாப்பிள்ளையாகப் போய் இருந்தவர்தான். காலையில் சுஹறாவும் நதீராவும் உதவிக்குப் போனபோது சல்மா உம்மா அடுப்படியில் ஆட்டிறைச்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இடுப்பிலிருந்த சாவிக் கொத்தை உருவி நீட்டினார்.

"மதினி, சகனும் டேக்சாவும் எடுத்து வரணும். ஷரிபுதீன்ட மாட்டுக் கரத்தை வாசல்ல நிக்கிது. நீங்க போய் பாத்து ஏத்தி உடுங்க. இந்தப் பெரிய சாவிதான்."

சகன் என்றால் ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு. விருந்தென்றால் அது இல்லாமல் நடக்காது. டேக்சா சோறு ஆக்குகிற அண்டா.

"எங்க மதினி இரிக்கி?"

"எங்க இருக்கும், லெபோட்டரியிலதான்," என்றார் சல்மா உம்மா, இறைச்சியிலிருந்து தலை நிமிராமல். "ஊர்ச் சாமான் எல்லாம் அங்கதானே. நல்ல பூட்டு. களவு போகாது."

சுஹறா சாவியைப் பார்த்தாள். அதிபரிடம் இருந்த சாவி, செயலாளரிடம் இருந்த சாவி, கூட்டத்துக்குப் போன சாவி, மிளகாய்த்தூள் மணத்தோடு அவள் கையில் இருந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

கதவு ஒரே திருப்பில் திறந்தது. அடிக்கடி திறக்கிற கதவு. உள்ளே கருங்காலி நிறத்தில் பூச்சடித்த நீள மேசைகள், அவற்றின் மேல் சகன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரை தொடாத குறையாக அடுக்கியிருந்தன. கைகழுவும் தொட்டிகளுக்குள் அகப்பைகள். மூலையில் டேக்சாக்கள், கந்தூரிப் பாய்கள், பந்தல் கயிறு. சுவரில் தொங்கிய மனிதக் கண்ணின் படத்தில் யாரோ சாக்கட்டியால் அரிசிக் கணக்குப் போட்டிருந்தார்கள். ஜன்னலடியில் ஒரு மரப்பெட்டி, 'கண்ணாடிச் சாமான் கவனம்' என்று எழுதியபடி, அடித்த ஆணி அடித்தபடியே இருந்தது. அதன் மேல் வெங்காயம் வெட்டும் பலகை.

நதீரா அந்தப் பெட்டியருகே போய்ப் பலகையைத் தூக்கி மெதுவாகக் கீழே வைத்தாள். பெட்டியைத் தடவினாள்.

"உம்மா, இத இன்னும் திறக்கவே இல்ல."

சுஹறாவுக்குக் கோபத்தைவிட வெட்கம் கூடுதலாக இருந்தது. இந்த ஆட்களின் பேச்சை நம்பி, நான்தான் பிழையோ என்று ஒரு கிழமை தூக்கம் கெட்டதை நினைத்து வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு சகனாக எடுத்து ஷரிபுதீனிடம் கொடுத்தாள். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள், நல்ல பூட்டுத்தான்.

ஜும்ஆவுக்குப் பிறகு ஆண்கள் மண்டபத்தில் சகன்களைச் சுற்றி அமர்ந்தார்கள். இனிப்புக்கு வட்டிலப்பம் வரும் நேரம் கச்சிமுகம்மது தொண்டையைச் செருமினார்.

"திங்கக்கிழமை மருமகள நம்மட பள்ளிக்கூடத்தில சேக்கிற. மச்சான் ஓமெண்டுட்டாரு. ரெண்டு வருசம் மானமா படிக்கட்டும். மறுகா நம்மட மசூருக்கு முடிச்சி வெச்சா, குடும்பம் குடும்பத்தோடயே இருக்கும்."

மசூர் அவருடைய மகன். சாதாரண தரத்தோடு இரண்டு முறை மோதித் தோற்றுவிட்டு, வாப்பாவின் நெல் மில்லில் கதிரை தேய்த்துக்கொண்டிருந்தான். தன் பெயர் வந்ததும் வெட்கப்பட்டு ஓர் எலும்பைத் தேடி எடுத்தான். அபுல் ஹஸன் தலையாட்டத் தொடங்கியிருந்தான். ஒன்பது அடி மதில் யாருக்காகக் காத்துக் கிடந்தது என்று சுஹறாவுக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவு நிலைக்கு வந்து நின்றாள்.

"காக்கா, காலையில லெபோட்டரி பாத்தன். நானும் மகளும்தான் திறந்த."

மண்டபத்தில் மெல்லுகிற சத்தம் குறைந்தது.

"புயலுக்குப் பிறகு ஊர்ச் சாமான் வெக்க இடமில்லயே," என்றார் கச்சிமுகம்மது. "கேட்டா ஒதுக்கிக் குடுப்பம்."

"பௌதிகம் ஆரு காக்கா படிப்பிக்கிற?"

"ஆள் கேட்டு எழுதியிரிக்கி. வருவாங்க."

"வராட்டி?"

"வராட்டி ஆர்ட்ஸ் படிக்கிற. என்ன, மசூருக்குச் சோறாக்க பௌதிகம் வேணுமா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சுஹறாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டதும் அபுல் ஹஸனின் தலையாட்டு நின்றுவிட்டது. அவனுக்கு அது என்ன சிரிப்பு என்று தெரியும்.

"தேவையில்ல காக்கா. நீங்க சொல்ற சரி. டேக்சா, சகன், அகப்பை எல்லாம் இப்பவே லெபோட்டரியில இரிக்கி. வேறென்ன வேணும் படிக்க? ஆனா என்ட மகளுக்கு அந்தப் படிப்பு நான் வீட்டிலயே குடுப்பன். பௌதிகம் படிக்க அவ கலவன் பாடசாலைக்குப் போறா."

கச்சிமுகம்மதுவின் முகம் கறுத்தது. "நீ இரிக்கிற வீட்டக் கட்டித் தந்தவன் நான்."

அந்த வார்த்தை தைத்தது. தைக்காது என்று அவள் நினைத்திருந்தாள். வாப்பா இல்லாத காலத்தில் மண் சுமந்த காக்கா இவர்தான். அவளுடைய குரல் இறங்கியது.

"ஓம் காக்கா. அதுக்காக நான் துஆக் கேக்காத நாளில்ல. வீட்டத் தந்தீங்க. அதுக்குள்ள இரிக்கிற புள்ளையப் பெத்தது நான்."

"அப்ப மசூருக்கு வேற இடம் பாப்பன். மறுகா வந்து என்ட வாசல்ல நிண்டு அழாத."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் சுஹறா.

மெதுவாகத்தான் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள். கடைசிச் சகனில் இருந்தவர்களுக்கும் கேட்டது. மசூர் எலும்பைக் கீழே வைத்தான்.

திங்கட்கிழமை காலை வீதியால் ஒரு வாங்கு போனது. கலியாணத்துக்குக் காக்கா செய்து கொடுத்த பாலை மர வாங்கு, வீட்டில் இருந்ததே அது ஒன்றுதான். முன் பக்கத்தை அபுல் ஹஸன் பிடித்திருந்தான். கந்தோருக்குப் போகிற வெள்ளைச் சேர்ட்டோடு, யார் முகத்தையும் பார்க்காமல், ஆனாலும் பிடித்திருந்தான். பின் பக்கத்தை நதீரா பிடித்திருந்தாள். சுஹறா குடையோடு பக்கத்தில் நடந்தாள். மஞ்சள் மதிலைக் கடந்தபோது மூவரில் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வீட்டை விட்டுப் புறப்படும்போதே ஆயிஷா உம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்திருந்தார், அவர் எட்டிப் பார்க்காத நாள் இல்லை.

"சுஹறா, இந்த வாங்கு எங்க போகுது?"

"பௌதிகம் படிக்க," என்றாள் சுஹறா, நிற்காமல்.