கடுகளவு நன்மை

வயிற்றில் குழாய் போட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவு சாத்தியே கிடக்கிறது. காலமெல்லாம் பஸ் ஓட்டி, ஹாரனோடு போட்டி போட்டுக் கத்திய தொண்டையில் பாதியை டாக்டர் வெட்டி எடுத்துவிட்டார். சாப்பாடெல்லாம் குழாய் வழியேதான். வாயால் ஒரு ஸ்பூன் தண்ணீர் விழுங்கலாம், அதுவும் நிதானமாக. மருமகள் வேளாவேளைக்குச் சிரிஞ்சில் சத்துக் கரைசலை ஏற்றுவாள், துடைப்பாள், போய்விடுவாள். டீசல் போட நிறுத்திய வண்டி மாதிரி நான் கிடப்பேன்.

மகன் லாரியோடு போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருத்தி எனக்கு ஒளித்துச் சாப்பிடுகிறாள் என்று எனக்கு எரிச்சல். மதியத்தில் கண்ணைக்கூட மூடாமல், தட்டுச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன். ஒன்றும் கேட்காது. பசி என்னைப் படுத்தவில்லை. கூட உட்கார்ந்து சாப்பிட ஆளில்லாததுதான் படுத்தியது.

கோவிலில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கியும் ஆறு மாதம். கோவில் பந்தியும் போச்சு என்று முடிவு கட்டியிருந்தேன். அதனால்தான் பங்குக் கோவில் சிஸ்டர் நற்கருணைச் சிமிழோடு வந்து நின்றபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“எனக்கு இறங்காது சிஸ்டர். இருமி வெளிய வந்துட்டா அந்தப் பாவம் வேற எனக்கெதுக்கு?”

“முழுசா யாரு குடுக்கப் போறா? கடுகளவு போதும் ஐயா. துணுக்குலயும் ஆண்டவர் முழுசாத்தான் இருக்கார்.”

ஜெபம் சொல்லி, அப்பத்தின் ஓரத்தைக் கிள்ளி, ஸ்பூன் தண்ணீரில் போட்டார்.

“கிறிஸ்துவின் திருவுடல்.”

“ஆமென்” என்று கண்ணை இறுக மூடி விழுங்கினேன். இறங்கியது. அழுகை வந்துவிட்டது.

மீதி அப்பம் சிஸ்டர் கையில் இருந்தது. வாசற்படியில் நின்ற மருமகளைப் பார்த்தார்.

“இதை நீ வாங்கிக்கிறியாம்மா? சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆச்சுல்ல?”

நன்மைக்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது என்பது எங்களுக்குச் சட்டம்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “காலையிலேர்ந்தே எதுவும் சாப்பிடலை சிஸ்டர். மாமா தூங்கினப்புறம்தான் சாப்பிடுவேன். வாசனை பட்டா அவருக்குக் கஷ்டமா இருக்கும்ல. இப்பல்லாம் அவர் மதியத்துல தூங்குறதே இல்லை.”

மணி நாலு தாண்டியிருந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்த மதியங்களில் எல்லாம் அவள் அந்தக் கதவுக்குப் பின்னால் பட்டினி கிடந்திருக்கிறாள். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

அவள் என் கட்டிலோரம் முழந்தாளிட்டு மீதியை வாங்கிக்கொண்டாள். ஒரே அப்பம், இரண்டு பேர்.

சிஸ்டர் போனதும் மருமகள் சமையலறைக்குள் போய்க் கதவில் கை வைத்தாள்.

“சாத்தாதம்மா” என்றேன். “தட்டை எடுத்துட்டு இங்க வா.”

“மாமா, வாசனை…”

“வரட்டும்.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் வாயை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சாப்பிட்டாள். இரண்டாவது வாய்க்குத் திரும்பி உட்கார்ந்தாள். நான் ஸ்பூனில் தண்ணீரை எடுத்து, அவளோடு சேர்ந்து சாப்பிட்டேன்.