மாமனார் உட்கார மறுத்த பெஞ்ச்

ஸ்ரீரங்கத்தில் என் மாமனாரின் பழைய வீட்டை விற்றாகிவிட்டது. வாங்கியவர்கள் இடித்தும் விட்டார்கள். மாமனார் லக்ஷ்மணன் மட்டும் ஊரை விட்டு நகரவில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். போன மாதம் அங்கே மயங்கி விழுந்ததிலிருந்து என் மனைவி மைதிலிக்குத் தூக்கமில்லை.

"எப்படியாவது அப்பாவை இங்க கூட்டிண்டு வந்துடணும், முரளி."

இங்கே என்றால் மன்னார்புரத்தில் எங்கள் ஃபிளாட். மாமனார் அசையவில்லை. அவர் பேச்சில் வீடு என்றால் ஆம். "அது உங்காம். எத்தனை நாள் விருந்தாளியா இருக்கறது?" என்பார்.

நான் தொழிற்சாலையில் டிசைன் இன்ஜினீயர். எதற்கும் வரைபடம் போட்டால் தீர்வு வந்துவிடும் என்ற வியாதி எனக்கு உண்டு. வீடு இடிபட்டபோது வாசற்படித் தேக்கைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அதை ஆசாரி வேலை செய்யும் கலீம் பாயிடம் கொடுத்து, நான்கு கால் பொருத்தி, வார்னிஷ் அடித்து, பெஞ்சாக்கி ஹாலில் போட்டேன். இடம் வேண்டுமென்று சோபாவை விற்றேன். மாமனார் தன் வீட்டு மரத்தில் உட்காருவார், கண் கலங்குவார், மாப்பிள்ளையைப் பாராட்டுவார், தங்கிவிடுவார். வரைபடத்தில் ஒரு பிழையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒருவேளைச் சாப்பாட்டுக்கு என்று கெஞ்சி அழைத்து வந்தோம்.

"இது என்னன்னு சொல்லுங்கோ பாப்போம்!" என்றேன்.

அவர் குனிந்தார். தாழ்ப்பாள் இறங்கும் பள்ளத்தைத் தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் மைதிலியைப் பெருமையாகப் பார்த்தேன்.

"நம்மாத்து வாசப்படின்னா!"

"அதேதான் மாமா. உக்காருங்கோ."

இரண்டடி பின்வாங்கினார். "வாசப்படில எப்படி மாப்பிள்ளை உக்கார்றது? கோயில் தாயாரே வாசம் பண்ற எடம்."

"தரைல இருந்தாத்தான் மாமா வாசப்படி. ஒன்றரை அடி தூக்கிட்டா பெஞ்ச்."

"முரளி, வாயை மூடு," என்றாள் மைதிலி. "அம்மா வெள்ளிக்கிழமை தவறாம மஞ்சள் பூசின எடம். அதுல போய் உக்காரச் சொல்றே!"

மாமனார் நிற்கும்போது நாங்கள் எப்படி உட்காருவது? சோபாவும் இல்லை. பஸ் வராத நிறுத்தத்தில் நிற்பதுபோல மூவரும் பெஞ்சைச் சுற்றி நின்றோம். கடைசியில் பால்கனியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்தேன். துணி காயப்போட ஏறி நிற்கும் நாற்காலி.

சாப்பிட்டார். பையை எடுத்தார். "போயிட்டு வரேன்."

மைதிலியின் முகம் போன போக்கைப் பார்த்து, வரைபடம் இல்லாமலே வாயைத் திறந்தேன்.

"மாமா, காலைக் கழட்டிடறேன்! இங்க உங்களுக்குன்னு வெச்சிருக்கற ரூம் வாசல்ல படியாவே போட்டுடலாம்."

பை கீழே இறங்கியது. மாமனார் அந்த அறையின் வாசலைச் சாணால் அளந்தார். "படி நாலடி. இந்த வாசல் ரெண்டரை அடிதான் இருக்கும்."

"ரெண்டு பக்கமும் கொஞ்சம் அறுத்துட்டா..."

"வாசப்படியை யாராவது அறுப்பாளா?" அப்பாவும் மகளும் ஒரே குரலில் கேட்டார்கள்.

ஆக, சுவரை அறுத்தோம்.

"வேலையை யார் பாத்துப்பா? நீங்களா?" என்று மாமனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மைதிலியிடம் மாற்று வேஷ்டி கேட்டார். கொத்தனாரையும் கலீம் பாயையும் விரட்டி விரட்டி வேலை வாங்கினார். வேலை முடிந்தது, அவர் போகவில்லை. கோயிலுக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். நாலடி வாசலுக்குக் கதவு அமையவில்லை, திரைதான். மைதிலி நன்றாகத் தூங்குகிறாள்.

நேற்று காபியோடு அவர் அறைக்குள் அவசரமாக நுழைந்தேன்.

"மாப்பிள்ளை, மிதிக்காதீங்கோ. தாண்டி வாங்கோ."

தாண்டினேன். பாதி காபி என் சட்டையில் கொட்டியது. என் பெயரில் பதிவான ஃபிளாட்டில் அவர் நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டுச் சொன்னார்:

"சங்கோஜப்படாதீங்கோ. உங்காம் மாதிரி நெனச்சுக்கோங்கோ."