ரெண்டு சி, ரெண்டு எம்

சூரியநெல்லிக்கு மேல எங்க தேயிலை எஸ்டேட்டுல வேலை போனா வீடும் போகும். அம்மா மாரித்தாய் ரிட்டையர் ஆனப்ப, அவ வேலைக்கு நான் கொழுந்து கிள்ளப் போயிருந்தா எஸ்டேட் குடுத்த லைன் வீடு மிஞ்சியிருக்கும். "இங்கிலீஷ் எம்.ஏ. படிச்சவ கூடை தூக்குறதா?"ன்னு அம்மாதான் ஒத்துக்கல.

காலி பண்ற அன்னைக்கு மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். டூரிஸ்ட் தங்குற வீட்டுக்கு போர்டு எழுதணுமாம்.

"அக்காமடேஷன்னு எழுதச் சொன்னா எல்லாவனும் ஒரு எம்மை முழுங்கிடுறான். நீ எழுதிக் குடும்மா."

படிச்ச திமிரு, பிசகில்லாம எழுதிக் குடுத்தேன். ரெண்டு சி, ரெண்டு எம்.

"எங்க சார் மாட்டப் போறீங்க?"

"உங்க வீட்டு வாசல்லதான். அம்மா வச்ச ரோசாச்செடியைப் பிடுங்கிட்டுப் போயிராதீங்க. டூரிஸ்டுக்குப் பிடிக்கும்."