இடது ஓரப் பந்து

டென்னிஸ் ஆடிப் பிழைக்கிறவர்களை உலகம் முழுக்க வரிசையாக நிறுத்தி ஒரு பட்டியல் போடுகிறார்கள். முதல் பத்துப் பேரை எல்லோருக்கும் தெரியும். நம் மூத்தவள் நின்றதோ அதன் வாலில். பேர் இருக்கிறதா என்று தேடுவதற்கே கண்ணாடி மாட்ட வேண்டும். போன வருடம் ஜெயித்த ஒரே ஓர் ஆட்டத்தின் புள்ளி அவளை அங்கே பிடித்து வைத்திருந்தது. அதுவும் இந்த வாரத்தோடு காலாவதி. இப்போது ஆட வந்திருக்கும் இந்தப் போட்டியில் ஓர் ஆட்டம் ஜெயித்தால் பட்டியலில் இருப்பாள். இல்லாவிட்டால் பன்னிரண்டு வருட ஓட்டமும் ஆற்றில் கரைத்த புளிதான்.

வீட்டுக்காரர் போனில் சுற்றி வளைக்கவில்லை. "இந்தத் தடவையும் ஒண்ணும் ஆகலன்னா பேசாம கிளம்பி வந்துடு. ஒரு ஸ்கூல்ல விளையாட்டு டீச்சர் வேலை பேசி வச்சிருக்கேன்" என்றார். இத்தனை வருடம் முகம் சுளிக்காமல் பொறுத்த மனிதர். அவர்மேல் கோபப்படவும் முடியாது என்பதுதான் அவளுக்கு எரிச்சல்.

அவளோடு லாட்ஜ் அறையைப் பங்கு போட்டுக்கொண்டவள் சின்னவள்; கூடப்பிறந்தவள் இல்லை, கூட ஆடுகிறவள். வயது இருபத்து மூன்று. இரண்டு வருடமாகப் போகிற இடமெல்லாம் ஒரே அறை. ஒரே சோப்பு, ஜன்னல் கம்பியில் இருவர் காலுறையும். நாள் முழுக்க அக்கா அக்கா என்று வாய் ஓயாது. யாரோடு யார் ஆடுவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டவர்களுக்கு அதெல்லாம் தெரியுமா? முதல் சுற்றிலேயே இருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டார்கள்.

ஆட்டத்தன்று காலை சின்னவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இடது காலை நீட்டினாள். கையில் பிளாஸ்திரிச் சுருள். மூன்று வாரமாகவே அந்தக் காலில் கோளாறு. கூடவே பிசியோதெரபிஸ்டை அழைத்துப் போகிற வசதி இவர்களுக்கு ஏது? மூத்தவள்தான் கட்டுப் போடுவாள்.

"இன்னிக்குமாடி?"

"பின்ன? எதிராளி கட்டக்கூடாதுன்னு பக்கத்து ரூம் கதவைத் தட்டவா?"

குதிகாலுக்கு மேலே புசுபுசுவென்று வீங்கியிருந்தது. மூத்தவள் கட்டைவிரலால் லேசாக அழுத்தினாள். சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இதை வச்சுக்கிட்டு ஆட முடியாதுடி."

"ஆடுவேன்க்கா. நீங்க கட்டுங்க."

இன்னொரு தடவை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. யாராவது விலகினால் அந்த இடத்தில் ஆட, பதிவு மேசைப் பக்கம் பையும் கையுமாகச் சிலர் காத்திருப்பார்கள். இந்த வாரம் அதில் முதலாவதாக நின்றவள் நெட்டச்சி என்று இவர்கள் பெயர் வைத்த உயரக்காரி. போன மாதம் மூத்தவளை மூச்சுவிடக்கூட விடாமல் துவைத்துக் காயப்போட்டவள். சின்னவள் விலகினால் அவள் வருவாள். மூத்தவள் வாயை மூடிக்கொண்டு கட்டினாள். கட்டுப் போட்டதில் ஒரு குறையும் வைக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் எந்த இடத்தில் வலிக்கிறது என்று விரல் அறிந்ததை மனசு குறித்துக்கொண்டது. இடது பக்கம் ஓடி நின்றால் உடம்பின் பாரமெல்லாம் அங்கேதான் இறங்கும்.

கடைசி மைதானம். உயர நாற்காலியில் நடுவர். வேலிக்கு வெளியே ரப்பர் குழாயோடு ஒரு தோட்டக்காரர். வேறு ஈ காக்கை இல்லை.

சின்னவள் முதல் பந்தை நோஞ்சானாகப் போட்டாள். போட்டுவிட்டு, பின்கோட்டிலேயே சும்மா நின்றாள். ஏன் நிற்கிறாள் என்று மூத்தவள் யோசிக்கவில்லை. காலையிலிருந்து யோசித்து வைத்ததைத்தான் கை செய்தது. வலையை ஒட்டி, சின்னவளுக்கு இடது ஓரத்தில், மெல்லத் தட்டிவிட்டாள்.

சின்னவள் ஓடினாள். பந்தை எட்டியும்விட்டாள். இடது காலை ஊன்றியபோது டப்பென்று ஒரு சத்தம் வலை தாண்டிக் கேட்டது. அப்படியே சரிந்தாள். கத்தவில்லை.

நடுவர் மூத்தவள் ஜெயித்ததாக அறிவித்தார். தொடங்கிய ஆட்டம் எப்படி முடிந்தாலும் புள்ளி புள்ளிதான்.

மருந்தறையில் டாக்டர் பார்த்துவிட்டு, குதிகால் தசைநாண் முழுசாக அறுந்துவிட்டது என்றார். அறுவை செய்ய வேண்டும், நடப்பதற்கே மாதக்கணக்கு ஆகும். மறுபடி ஆடுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஐஸ் எடுத்துவர வெளியே போனார்.

"தெரிஞ்சேதான் அந்தப் பக்கம் போட்டேன்டி, பாவி நான்" என்றாள் மூத்தவள்.

"தெரியும்க்கா. நானா இருந்தாலும் அங்கதான் போட்டிருப்பேன்."

"இவ்வளவு மோசமா இருக்கே, ஏண்டி வந்த?"

"நேத்தே இந்த டாக்டர் ஆடாதன்னுட்டார். நான் விலகினா நெட்டச்சி வந்திருப்பா. அவகிட்ட நீங்க ஜெயிக்க மாட்டீங்கக்கா. அதான், ஒரு கேம் சும்மா நின்னுட்டு, முடியலன்னு கை குடுத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

"காலையிலயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"சொன்னா நீங்க ஒத்துக்க மாட்டீங்க."

ஒத்துக்கொண்டிருப்பாள். மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டிருப்பாள். அதை இந்தப் பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது என்று தெரியவில்லை. தெரியாததால் கோபம் வந்தது.

"சும்மா நிக்கத்தானே வந்த? அப்புறம் எதுக்குடி ஓடுன?"

சின்னவள் தன் காலைப் பார்த்தாள். அவளுக்கே அது இப்போதுதான் தோன்றியது போலிருந்தது.

"பந்து வந்துச்சேக்கா" என்றாள்.