கீழே, சின்ன எழுத்தில்

நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தில் நத்தைப் பிரிவுக்கு என் அத்தான்தான் தலைவர். அவருக்கும் அக்காவுக்கும் இருந்த ஒரே மகள் ஏழு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அடுத்த வருடம், யாரும் கண்டிராத நத்தை என்று ஓர் ஓடைக்கரையிலிருந்து எடுத்து வந்தவர், அதற்கு மகள் பேரையே வைத்தார். ஆய்விதழில் அச்சான அந்தப் பக்கத்தை அக்கா சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். தினமும் அதைத் துடைத்த பிறகுதான் அவளுக்குக் காப்பி.

இந்தப் பாழாய்ப்போன கை சும்மா இருந்திருக்கக் கூடாதா? போன மாதம் பின்னறை அலமாரியில் ஒரு புட்டி கிடைத்தது. உள்ளே நாலு நத்தை, நூறு வருடத்துச் சீட்டு, அதில் ஒரு பேர். வழக்கம்போலப் படமெடுத்து இணையப் பட்டியலில் ஏற்றினேன். என்ன நத்தையென்று உற்றுப் பார்க்கவில்லை. மளமளவென்று ஏற்றுவதில்தான் நான் புலியாச்சே!

நேற்று எங்கோ இருக்கும் ஆய்வாளர் ஒருவரிடமிருந்து கடிதம். புட்டியில் இருப்பதும் அத்தானுடைய நத்தையும் ஒரே இனமாம். பழைய பேர் அந்தக் காலத்திலேயே அச்சேறிவிட்டதாம். படத்துக்கு நன்றியாம். நன்றியாம், நன்றி! ஓர் உயிருக்கு இரண்டு பேர் இருந்தால் முதலில் அச்சேறியதுதான் நிற்கும். எங்கள் துறையில் அழுது புரண்டாலும் அதுதான் விதி.

அத்தான் லென்ஸும் கையுமாக மதியம்வரை உட்கார்ந்திருந்தார். ஓட்டின் சுற்றுகளை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"பேசாம விட்டுடலாமே அத்தான். யாருக்குத் தெரியப் போகுது?"

"அதான் ஊருக்கே காட்டிட்டியேம்மா."

அதில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அக்காவிடம் சொல்லும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. சட்டத்தடியில் நின்றபடி கேட்டாள்.

"அந்தப் பழைய பேருக்கு என்னடி அர்த்தம்?"

"மங்கலான பழுப்பு."

"என் பொண்ணு பேரை எடுத்துட்டு அதையா வைப்பாங்க?"

"அடியோட எடுக்க மாட்டாங்கக்கா. கீழே, சின்ன எழுத்துல, இப்படியும் ஒரு பேர் வச்சிருந்தாங்கன்னு இருக்கும்."

இன்று அத்தானுடைய நத்தைக்குப் புதுச் சீட்டு எழுத வேண்டும். அத்தான் பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். மங்கலான பழுப்பை மேலே எழுதி முடித்தபோது அக்கா போன் செய்தாள்.

"அவ பேரை எழுதிட்டியா?"

"இப்பதான் எழுதப் போறேன்."

"கொஞ்சம் பெருசா எழுதக் கூடாதாடி?"

எழுத்தின் அளவுக்கும் விதி இருக்கிறது.

"கூடாதுக்கா," என்றேன்.