ஒன்பதாம் மாடிக் கூட்டம்

கடிதத்தைப் படித்து முடித்ததும் நோரீன் அதை மேசைமேல் விசிறியடித்தாள். பாலும் உருளைக்கிழங்கும் சுமந்து ஒன்பது மாடி ஏறிவந்த மூச்சிரைப்பு இன்னும் அடங்கவில்லை.

"நம்மள எட்டவே முடியலையாம், கிளிஃப். அச்சடிச்சே அனுப்பியிருக்காங்க."

அவள் கணவர் கிளிஃபர்ட் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். ஒரு காலைச் சர்க்கரை வியாதி கொண்டுபோயிருந்தது. மிச்சமிருந்த நடமாட்டத்தை, ஓராண்டுக்கு மேலாக ஓடாத லிஃப்ட் கொண்டுபோனது.

நகரசபை, சுகாதாரத் துறை, தொண்டு நிறுவனங்கள், வியாபாரிகள் என்று எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்து ஆல்டர்ஷா நகரை முன்னேற்ற ஒரு கூட்டமைப்பு இருந்தது. பஸ் போகாத புறவழிச்சாலை ஓட்டல் ஒன்றில் பட்டப்பகலில் கூடும். நோரீன் குடியிருந்த பீச் கோர்ட் அடுக்ககத்து ஜனங்கள் வருவதேயில்லை என்பதில் அதற்கு மெய்யாகவே வருத்தம்; அதைத்தான் கடிதமாக அனுப்பியிருந்தது. லிஃப்ட் பற்றி நோரீன் ஆறுமுறை எழுதினாள். நகரசபை பராமரிப்பு நிறுவனத்தைக் கைகாட்டியது, நிறுவனம் நகரசபையைக் கைகாட்டியது. தொண்டு நிறுவனம் மட்டும், தனிமையை வெல்வது எப்படி என்று ஒரு வண்ணப் புத்தகம் அனுப்பியது.

"கோவப்படாத, கண்ணு," என்றார் கிளிஃபர்ட். "பாவம், வழி தெரியாம தவிக்கிறாங்க. டீக்குக் கூப்பிடு."

அடுத்த கூட்டத்தைத் தங்கள் வீட்டிலேயே நடத்தலாம் என்று நோரீன் எழுதினாள். லிஃப்டைப் பற்றி மூச்சு விடவில்லை. கூட்டமைப்பு பூரித்துப்போய், பத்திரிகைப் படக்காரரையும் ஏற்பாடு செய்தது.

ஜூலை வெயிலில் பத்துப் பேர் வந்தார்கள். சுகாதார இயக்குநர் நாலாம் மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சூப்பர் மார்க்கெட் மேலாளர் கோட்டையும் டையையும் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தார். கூட்டமைப்பின் தலைவர் பிக்கர்ஸ்டாஃபின் முகம் பீட்ரூட்டாகியிருந்தது. வாசலில் நின்று ஒவ்வொருவரையும் மரியாதையாக வரவேற்ற நோரீன், தட்டில் பழக் கேக்கை வெட்டி வைத்தாள். தலைவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"லிஃப்ட்... எப்பலேர்ந்து ஓடல?"

"போன வருஷம் ஏப்ரல்லேர்ந்து," என்றார் கிளிஃபர்ட். "இன்னொரு துண்டு கேக் எடுத்துக்குங்க. இறங்கத் தெம்பு வேணும்ல."

மூச்சு வாங்கும் கூட்டமைப்பினரின் படம் வியாழக்கிழமைப் பத்திரிகையில் வந்தது. எட்டே நாளில் லிஃப்ட் ஓடியது. மக்கள் குரலுக்குக் கூட்டமைப்பு செவிசாய்த்தது என்ற தலைப்பில், தலைவர் ரிப்பன் வெட்டும் படமும் அடுத்த வாரம் வந்தது. ரிப்பன் வெட்ட நோரீனையோ கிளிஃபர்டையோ யாரும் அழைக்கவில்லை. நன்றிக் கடிதம் மட்டும் வந்தது: இனிக் கூட்டங்கள் வழக்கம்போல ஓட்டலில்.

அடுத்த கூட்டத்தன்று கிளிஃபர்ட் சவரம் செய்து டை கட்டிக்கொண்டார். ஓட்டல் வாசலில் நோரீன் அவரை டாக்சியிலிருந்து இறக்கி உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். உறுப்பினர்களுக்கு மட்டுமே இருக்கை, உபரி நாற்காலி இல்லை என்று செயலாளர் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"கவலைப்படாத, கண்ணு," என்றார் கிளிஃபர்ட். "நாற்காலிய நானே கொண்டுவந்திருக்கேன்."

மேலாளரும் தலைவரும் விலகி இடம் விட வேண்டியதாயிற்று. முன்னால் நிகழ்ச்சிநிரல் இருந்தது. அதன் கடைசி வரி: குடியிருப்போர் கருத்து, ஐந்து நிமிடம். கிளிஃபர்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைசி வரிக்குக் காத்திராமல் முதல் வரியிலிருந்தே பேச ஆரம்பித்தார்.