பேஸுக்கு ஒரு பத்தாயம்

ஜெக்கரியா வாசிப்பது யாருக்கும் கேட்காது. திருவாரூர் வட்டாரத்தில் இது ஊரறிந்த சங்கதி. ஆளை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். மேடையின் ஓரத்தில், தன்னைவிட உயரமான ஒரு வயலினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, நின்றபடியே நரம்பைச் சுண்டிக்கொண்டிருப்பார். அதற்குப் பேர் பேஸ். தஞ்சாவூரில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் கப்பலேறும்போது கொடுத்துவிட்டுப் போனது. கல்யாண வீட்டுப் பிள்ளைகள் மேடையேறி அதைத் தொட்டுப் பார்ப்பார்கள். பெரியவர்கள், "அந்தாளு எதுக்குங்க அங்க நிக்கிறாரு?" என்று கேட்பார்கள்.

கேட்காததற்குக் காரணம் குழாய் ஸ்பீக்கர். தென்னை மரத்தில் கட்டினால் அது பாடகியின் குரலை நாலு ஊர் தாண்டிக் கொண்டுபோகும். ஆனால் பேஸின் கட்டைச் சத்தத்தை மட்டும் தொண்டையிலேயே வைத்து விழுங்கிவிடும்.

திருக்காட்டுப்பள்ளிக் கச்சேரி முடிந்ததும் மெல்லிசைக் குழுவின் தலைவர் தியாகேசன் அவரைத் தனியே கூப்பிட்டார்.

"யோவ் ஜெக்கரியா, மனசுல வெச்சுக்காத. நீ வாசிக்கிறது உனக்கும் அந்த மரத்துக்கும்தான் கேக்குது. கும்பகோணத்துல ஒரு பையன் கரண்டு கித்தார் வாசிக்கிறான். வரட்டுமான்னு கேக்குறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அடுத்தது பஞ்சநதம் வீட்டுக் கல்யாணம். அதுல நீ வாசிக்கிறது என் காதுல விழணும். விழுந்தா இரு. இல்லாட்டி கித்தார்தான்."

ஜெக்கரியாவுக்கு வேறு தொழில் தெரியாது. மறுநாள் காலையிலேயே பேஸை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு இப்ராஹிமின் மைக் செட் கடைக்குப் போனார்.

இப்ராஹிம் ஒரு மைக்கைத் துணியில் சுற்றி, பேஸின் நரம்பைத் தாங்குகிற குதிரைக்கடியில் செருகினார். கடையில் இருந்த ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாக மாட்டினார். குழாயில் பேஸ் கொசுவாகப் பறந்தது. பாடகர்களுக்கு வைக்கிற நீளப் பெட்டியில், சளி பிடித்த ஒருவர் வீட்டுக்குள் யாரையோ திட்டுவது மாதிரி கேட்டது. தேயிலைப் பெட்டிக்குள் ஒரு ஸ்பீக்கரை வைத்தார்கள். பேஸை விடப் பெட்டியின் ஆணிகள்தான் அதிகம் வாசித்தன.

கடைசியாக இப்ராஹிம் பரணிலிருந்து ஒரு ஸ்பீக்கரை இறக்கினார். இழுத்து மூடிய ஒரு டூரிங் டாக்கீஸிலிருந்து வாங்கியது. முறம் அகலம்.

"இது பேசும் மாஸ்டர். ஆனா பெட்டி இல்ல."

"பெட்டி இல்லாட்டி என்ன பாய்?"

"முன்னால வர்ற சத்தத்தப் பின்னால வர்ற சத்தம் தின்னுபுடும். நடுவுல தடுக்க வேணாமா? கெட்டியான பலகை வேணும், உள்ள இடம் நெறைய வேணும். இந்த ஸ்பீக்கருக்குப் பெட்டி அடிக்கிறதுன்னா பத்தாயம் மாதிரி அடிக்கணும்."

இப்ராஹிம் ஒரு பேச்சுக்குச் சொன்னார். ஜெக்கரியா அப்படிக் கேட்டுக்கொள்ளவில்லை.

"பஞ்சநதம் வீட்டுலயே பத்தாயம் இருக்கே பாய்!"

"நெல்லு கொட்டுற பத்தாயத்தையா?"

"பலா மரம். மேல நெல்லு கொட்ட ஒரு வாய், கீழ எடுக்க ஒரு வாய். மேல்வாயில ஸ்பீக்கர மாட்டுவோம். கீழ்வாயத் தொறந்து விட்டா சத்தம் மூச்சு விட்டுக்கும்."

இப்ராஹிம் திருப்புளியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

பஞ்சநதம் பழைய மிராசுதார், புதிய கட்சிக்காரர். ஆட்சி மாறிய வருஷம் கரை வேட்டிக்கு மாறினார். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபின் அவர் பெயரில் நிலம் பேருக்குத்தான் இருந்தது. மிச்சமெல்லாம் சமையல்காரர் பெயரில், செத்துப்போன மாமனார் பெயரில், இன்னும் பிறக்காத பேரன் பெயரில் இருந்தது. மேடையில் ஏறினால் உழைக்கும் மக்களைப் பற்றி உருக்கமாகப் பேசுவார்.

அந்த உழைக்கும் மக்கள்தான் அன்று அவர் வீட்டுக் களத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அறுப்புக்கு முன்னால் சங்கத்தோடு பேசி ஒப்புக்கொண்ட கூடுதல் கூலி நெல்லை அவர் இன்னும் அளக்கவில்லை. முன்னால் நின்றவள் அம்சம். நடவாட்களுக்கெல்லாம் தலைவி. அவள் வாய்க்குப் பயந்து கணக்குப்பிள்ளை கொல்லைப்பக்கம் போய்விட்டிருந்தார்.

"நெல்லு எங்க இருக்கு அம்சம்? பூச்சி தின்னது போவ எனக்கு என்ன மிஞ்சுச்சு? பத்தாயம் நாலும் காலி" என்று பஞ்சநதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஜெக்கரியாவும் இப்ராஹிமும் உள்ளே நுழைந்தார்கள். ஜெக்கரியா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"ஐயா, கச்சேரிக்கு ஒரு காலிப் பத்தாயம் வேணுங்க."

பஞ்சநதத்துக்கு இது எதற்கென்று புரியவில்லை. புரிந்துகொள்ளவும் அவர் நிற்கவில்லை. சாட்சி தானாக வந்து வாசலில் நிற்கிறது என்று மட்டும் பட்டது.

"கேட்டியா அம்சம்? பாட்டுக்காரருக்கே தெரிஞ்சிருக்கு எங்கிட்ட காலிப் பத்தாயம்தான் இருக்குன்னு. போங்க மாஸ்டர், எல்லாம் காலிதான். எது வேணுமோ எடுத்துக்கங்க!"

பத்தாயங்கள் கூடத்தை ஒட்டிய அறையில் வரிசையாக நின்றன. ஜெக்கரியா முதல் பத்தாயத்தை விரல் முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார்.

"ம்ஹூம். இது ஆவாது பாய். செத்த சத்தம். உள்ள முட்ட இருக்கு."

கூட வந்து நிலைப்படியில் நின்ற அம்சத்தின் புருவம் உயர்ந்தது.

"பழைய மரம். அப்படித்தான் இருக்கும்" என்றார் பஞ்சநதம்.

ஜெக்கரியா இரண்டாவதைத் தட்டினார். "இது கழுத்து மட்டும் இருக்கு." மூன்றாவதைத் தட்டினார். "இதுவும் முட்டத்தான்." நாலாவதை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தவர் முகம் மலர்ந்து நிமிர்ந்தார். "ஐயா, இதுல பாதிக்கு மேல காலி. மரமும் நல்ல மரம். கீழ இருக்கிறத மட்டும் எடுத்துட்டா அருமையாப் பேசும்!"

பஞ்சநதம் ஜெக்கரியாவின் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

"இருக்கிறபடியே நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டுப் போய்யா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

ஜெக்கரியாவுக்குச் சங்கம் தெரியாது, கூலித் தகராறும் தெரியாது. நாளைச் சாயங்காலக் கச்சேரி ஒன்றுதான் தெரியும்.

"அது எப்படிங்கய்யா?" என்றார் உரக்க. "நெல்லு மேல நெல்லாக் கெடந்தா சத்தத்த எல்லாம் அமுக்கிடும். எனக்கு வேலை போயிடுங்க. கித்தார்க்காரன் வந்துருவான்."

அம்சம் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"அந்தக் கித்தார்க்காரன் வரவே கூடாது. வாத்தியக்காரரு வயித்துல அடிக்கலாமாய்யா?"

"ஏ அம்சம், நீ ஏன் குறுக்க பேசுற?"

"குறுக்க இல்லய்யா, ஒங்களுக்காகத்தான் பேசுறேன். காலின்னு ஊரு கேக்கச் சொல்லிட்டீங்க. பெரிய மனுசரு சொன்ன சொல்லு பொய்யாப் போவலாமா? பொழுது சாயறதுக்குள்ள நாங்க அத காலியாக்கிக் குடுத்துடறோம். எங்களுக்குச் சேர வேண்டியத அளந்துக்கறோம். மிச்சம் கெடந்தா சாக்குல கட்டி வெச்சுடறோம்."

பின்னால் நின்றவர்கள் சிரிப்பை அடக்க இருமினார்கள். அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. சம்பந்தி வீட்டார். கல்யாண வீட்டுக் களத்தில் இத்தனை பேர் எதற்கு நிற்கிறார்கள் என்று சம்பந்தி கேட்டபடியே இறங்கினார்.

"நம்ம ஆளுங்கதான். கல்யாணத்துக்கு முந்தி அவங்களுக்கு நெல்லு அளக்கிறது நம்ம வழக்கம்" என்றார் பஞ்சநதம். இந்த வழக்கத்தை அவர் வீட்டில் யாரும் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

"தங்கமான மனசு" என்றார் சம்பந்தி.

அப்புறம் மரக்காலும் கூடையும் தானாக வந்தன. சாயங்காலத்துக்குள் நாலாவது பத்தாயம் துடைத்துவிட்டது மாதிரி ஆனது. நெல் வாங்கிய ஆட்களே அதை அடுக்கு அடுக்காகக் கழற்றி, பந்தலுக்குத் தூக்கிப் போய், மேடைக்குப் பின்னால் பூட்டிக் கொடுத்தார்கள். இப்ராஹிம் மேல்வாயின் அளவுக்குப் பலகை வெட்டி ஸ்பீக்கரை மாட்டினார்.

மறுநாள் வரவேற்புக் கச்சேரி. அம்சமும் மற்றவர்களும் பந்தலின் ஓரத்தில் இடம் பிடித்துக்கொண்டார்கள். பாட்டுக் கேட்க வரவில்லை, பத்தாயம் என்ன செய்கிறது என்று பார்க்க வந்திருந்தார்கள். முதல் பாட்டு தொடங்கியது. ஜெக்கரியா கண்ணை மூடிக்கொண்டு நரம்பைச் சுண்டினார்.

பந்தல் கால் அதிர்ந்தது. முன் வரிசையில் ஒருவர் கையிலிருந்த பன்னீர்ச் செம்பு குலுங்கியது. தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை எழுந்து, அழ மறந்து, மேடையைப் பார்த்தது. சத்தம் காது வழியாக வரவில்லை. உட்கார்ந்திருந்த ஜமக்காளம் வழியாக ஏறி வந்தது.

"அடியாத்தீ, நம்ம பத்தாயம் பேசுதுடி!" என்று அம்சம் கத்தினாள்.

ஜெக்கரியா கண்ணைத் திறந்தார். பத்து வருஷமாகத் தான் என்ன வாசிக்கிறோம் என்று அவருக்கே அன்றுதான் கேட்டது. நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்த நிறைவு மூன்றாவது பாட்டின் சரணம் வரைக்கும் இருந்தது.

அந்தச் சரணத்தை அவர் படித்ததே இல்லை. கேட்காத வாத்தியத்துக்குச் சரணம் எதற்கு என்று, அந்த இடம் வந்ததும் ஒரே நரம்பைச் சும்மா சுண்டிக்கொண்டு நிற்பது வழக்கம். கை பழக்கப்படி அதே நரம்புக்குப் போனது. பாடகி ஒரு பக்கம் போக, பத்தாயம் ஊரே கேட்க இன்னொரு பக்கம் போனது. ஆர்மோனியக்காரர் தன் பெட்டிதான் கெட்டுவிட்டது என்று நினைத்துத் துருத்தியைப் பார்த்தார்.

தியாகேசன் சிரித்த முகத்தோடு சபையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்து வந்தார்.

"யோவ், சரணத்துல எங்கய்யா போற?"

"பத்து வருசமா இப்படித்தாங்க போறேன்."

தியாகேசனின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஜெக்கரியா அடுத்த சரணத்தில் கையை எடுத்துவிட்டு, வாசிக்காமல் நின்றார். உடனே பந்தல் ஓரத்திலிருந்து குரல் வந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க? பத்தாயத்த அடிங்க வாத்தியாரே!"

ஒரு குரல் பத்தாயிற்று. சம்பந்தியும் கையை ஆட்டி, "ஆமாம், அது நல்லா இருந்துச்சே" என்றார். தப்பா சரியா என்று அங்கே யாருக்கும் கவலை இல்லை. ஜெக்கரியாவுக்கு மட்டும் வேர்த்து ஊற்றியது. பாடகியின் வாயையே பார்த்து, தடவித் தடவி, கச்சேரியை ஒரு வழியாகக் கரை சேர்த்தார்.

சாப்பிடப் போகிற வழியில் தியாகேசன் பிடித்துக்கொண்டார். ஜெக்கரியா அவர் வாயைத் திறக்குமுன் சொன்னார்.

"கித்தார்க்காரன வரச் சொல்லி அனுப்பிடுங்க."

"எப்படிய்யா அனுப்புறது? கேக்காம இருந்தவரைக்கும் உன்ன நிறுத்துறது லேசு. இனிமே நிறுத்துனா, அந்தச் சத்தம் எங்கன்னு ஊரே கேக்கும். நீதான் வாசிக்கணும். ஆனா ஒண்ணு, பாட்டையும் வாசி."

பந்தியில் ஜெக்கரியாவின் இலையில் பாயசம் அப்படியே ஆறிக்கொண்டிருந்தது. அவர் பக்கத்து இலை ஆர்மோனியக்காரரிடம் குனிந்து, மூன்றாவது பாட்டின் சரணம் எந்தச் சுரத்தில் இறங்குகிறது என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.